அரைக் கோப்பை

"ஆராய்ச்சிக் குழுவுல இடம் இல்லையாம்! அந்தப் பேராசிரியைக்கு என்ன திமிரு!"

சய்ராகான் பொருமினாள். மருமகள் பெகிமாய் அரைக் கோப்பை தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் மதிப்புக்குரியவர்களுக்கு அரைக் கோப்பைதான். நிரம்ப ஊற்றினால் எழுந்து போ என்று அர்த்தம்.

"உளவியல் துறையிலேயே முதல் மார்க். அப்படியும் இடமில்லைன்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டா!"

"அவங்களுக்கும் ஏதாவது காரணம் இருக்கும், அத்தை."

"என்ன பெரிய காரணம்? பெரியவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு அவளுக்கு வீட்டுல யாரும் சொல்லித் தரலையா?"

பெகிமாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சொல்லித் தர வேண்டிய மாமியார் நீங்கதானே, அத்தை?"

சய்ராகான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஐம்பத்திரண்டு வயசுல படிக்க வந்தவளை, சின்னப் பசங்க முன்னால கூச வெச்சுட்டியே!"

"என் குழுவுல சேர்த்தா, மருமக தயவுல வந்தவங்கன்னு பேசுவாங்க. அதான் உங்க ஆய்வுத் திட்டத்தைப் பேரை மறைச்சுத் துறைத் தலைவர்கிட்ட கொடுத்தேன். படிச்சுட்டு, 'யார் இந்த மாணவர்? என் குழுவுக்கு வேணும்'னு துடிச்சார். 'என் மாமியார்'னு சொன்னப்போ பெருமையில எனக்குத் தலைகால் புரியலை."

சய்ராகான் மெல்லத் திரும்பினாள். பிறகு மருமகள் கையிலிருந்த தேநீர்க் குடுவையை வாங்கினாள். இன்னொரு கோப்பையை எடுத்துப் பாதி மட்டும் ஊற்றி நீட்டினாள்.

"குடிங்க, மேடம்."