வலப்பக்க இருக்கை

“மூச்சு விட்டுக்கோ. ஆனா அசையாத,” என்றான் கிளைவ். ஹேசலின் முதுகுக்குப் பின்னால் கறுப்புக் குப்பைப் பை வெதுவெதுப்பாகப் புடைத்து எழுந்தது.

“என்னக் குப்பையில போடற நாள் வரும்னு தெரியும். கார்ல வச்சுப் போடுவன்னு நெனைக்கல.”

“நுரை இறுகற வரைக்கும் சிரிக்கவும் சிரிக்காத, கண்ணு. உன் சிரிப்பும் சேந்து பதிஞ்சிடும்.”

பைக்குள் அவன் ஊற்றியிருந்த இரு திரவங்களும் கலந்து நுரைத்து, உட்கார்ந்திருப்பவரின் உடல்வடிவிலேயே கெட்டிப்பட்டுவிடும். அதன்மேல் தோல் போர்த்தினால் இருக்கை ஆயிற்று. ஊற்றுகிறவனே உட்காரவும் இயலாது என்பதனால்தான் தன்னை அழைத்திருக்கிறான் என்று அவள் கருதினாள்.

மூன்றாண்டுகளுக்கு முன் இந்தக் கார், வாங்கியவரே பூட்டிக்கொள்ளும்படி, மரப்பெட்டிகளில் பாகம் பாகமாக வந்து இறங்கியது. அன்று முதல் கிளைவ் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸிலிருந்த அந்த வீட்டில் குடியிருக்கவில்லை. அதன் கராஜில் குடியிருந்தான். “இதப் பிடி”, “விளக்கக் காட்டு” என்பவற்றைத் தவிர அவளிடம் அவன் பேசியவை மிகச் சில.

இப்போது எஞ்சியிருந்தது உள்வேலை மட்டுமே. அது முடிந்து, சோதனையில் தேறி, கார் சாலைக்கு வந்த மறுநாள் கணவனைவிட்டுப் பிரிந்து கடலோர ஊரான விட்பியிலுள்ள அக்காவிடம் சென்றுவிடுவது என ஹேசல் முடிவு செய்திருந்தாள். மாடிப்படிக்கு அடியில், பழைய திரைச்சீலைகளுக்குப் பின்னால், துணிகள் அடுக்கிய அவளுடைய பெட்டி ஆயத்தமாக இருந்தது.

இன்று சொல்லியாக வேண்டும். ஆயினும் சொன்னால் அவன் கையிலிருக்கும் வேலை அப்படியே நின்றுவிடும் என்று அவள் அஞ்சினாள். அசையவும் முடியாமல், எழுந்து போகவும் முடியாமல் அவள் உட்கார்ந்திருந்தாள்.

கிளைவ் அவள் காலடியில் குனிந்து ஏதோ ஒரு சிறு பெட்டியைத் திருகிப் பொருத்தினான்.

“அது என்ன?”

“ஹீட்டர்.”

“குளிருக்குப் பயந்தவன் இந்த மாதிரி கூரையில்லாத கார் ஓட்டக்கூடாதுன்னு கார் கிளப்புல எல்லாரையும் கிண்டல் பண்ணுவியே.”

“கடலோரம் குளிரும்.”

ஸ்காட்லாந்துக் கரையைச் சுற்றிவர வேண்டும் என்ற அவனுடைய நெடுநாள் ஆசையை அவள் அறிவாள். அந்தப் பயணத்தில் தான் இருக்கப்போவதில்லை என்பதை எண்ணியபோது அவள் கண்கள் கலங்கின.

அவன் எழுந்து இருக்கையின் பின்புறம் சென்றான். அங்கிருந்த, சாமான் வைக்கும் பள்ளத்துக்கு ஏற்பக் கம்பளத்தை வெட்டத் தொடங்கினான். அளவுகோல் பக்கத்திலேயே கிடந்தது. அவனோ சட்டைப்பையிலிருந்து இரண்டு முடிச்சுகள் இட்ட ஒரு நூலை எடுத்து அளந்தான்.

“டூல் பாக்ஸ் வைக்கவா? அது அகலமாச்சே.”

“டூல் பாக்ஸ் இங்கயே இருக்கட்டும்.”

“நடுவழியில நின்னுபோனா என்ன பண்றதாம்?”

“நான் பூட்டின கார் நிக்காது.”

ஹேசல் கண்களை மூடிக்கொண்டாள். “கிளைவ், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“நுரை இறுகட்டும்.”

இறுகியது. அவன் அவளைக் கைபிடித்துத் தூக்கிவிட்டான். அவளுடைய முதுகின் வளைவும் இடுப்பின் குறுகலும் பையில் அச்சாகப் பதிந்திருந்தன. அவள் அதையும் அவனுடைய பருத்த வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இதுல நீ எப்படி உக்காருவ? பாதி உடம்புகூட அடங்காதே.”

“அடங்க வேண்டாம்.”

“இது வலது பக்கம், கிளைவ். ஓட்டறவங்க சீட்டு.”

“தெரியும்.”

அவன் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. நூலைப் பள்ளத்தின் குறுக்கே இழுத்துப் பிடித்தான். முடிச்சுகள் இரண்டும் இரு விளிம்புகளிலும் சரியாக வந்து நின்றன.

“படிக்கட்டுக்கு அடியில இருக்கிற உன் பெட்டி இதுல கச்சிதமா உக்காரும்.”