பின் ஸ்பிரிங் இரண்டு

அண்ணன் எனக்குத் தர வேண்டியது பதினெட்டாயிரத்து அறுநூற்றைம்பது.

ஸ்பேனர் அலமாரிக் கதவின் உட்பக்கம் 'அண்ணன்' என்று போட்டு, அதற்கு நேரே தொகையை மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். நாற்பது வயதுக்கு மேல் எழுதப் படிக்கக் கற்றவன் நான். ஆறு வருடமாக, கதவைத் திறக்கும்போதெல்லாம் அதை வாசித்துவிட்டுத்தான் வேலை.

இன்று பட்டறைக்குள் வந்து நின்றது அவருடைய வண்டி.

வாடகைக்கு ஓட்ட, என் பணத்தையும் போட்டு வாங்கிய கார். விற்றுவிட்டாராம். வாங்கியவன் இளவட்டம். வண்டியைத் தாழ்த்தக் குட்டை ஸ்பிரிங் நாலும் கையோடு கொண்டுவந்திருந்தான்.

"நல்லா படுக்க வச்சிருங்கண்ணே. ரோட்டை நக்கிட்டுப் போகணும்."

"எறும்பு குறுக்க வந்தாக்கூட நீ இறங்கி அதைத் தூக்கி விடணும். பரவாயில்லையா?"

சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போனான். என் இடுப்புக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து இது மூன்றாவது வண்டி.

ஜாக்கி வைத்துத் தூக்கினேன். சக்கரங்களைக் கழற்றினேன். திறந்த கதவு வழியாக மீட்டர் தெரிந்தது. இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது.

அந்த மீட்டரைக் காட்டித்தான் அன்று சண்டை போட்டேன்.

"ஆளே ஏற மாட்டேங்குதுடா. சும்மாவே சுத்திட்டு வர்றேன்" என்றார் அண்ணன்.

"இவ்வளவு தூரமும் காத்தையா ஏத்திட்டுப் போன? மீட்டர் பொய் சொல்லாதுண்ணே" என்றேன். அண்ணியின் முன்னால் சொன்னேன்.

அதோடு பேச்சு நின்றது. போனிலிருந்து அவர் நம்பரையும் அழித்தேன்.

கிளாம்ப் போட்டு இறுக்கி, ஒவ்வொரு ஸ்பிரிங்காக வெளியே எடுத்தேன். கை நழுவினால் தாடை போய்விடும். இந்த வயதில் இந்த வேலை ஆகாதுதான். விட்டால் வேறு என்ன தெரியும்?

எடுத்தவற்றைத் தரையில் வரிசையாக நிற்க வைத்து ஸ்கேல் பிடிப்பது என் வழக்கம். இந்த மாடல் ஸ்பிரிங்கின் உயரமெல்லாம் எனக்கு மனப்பாடம்.

வாடகை வண்டியென்றால் பின் ஸ்பிரிங் இரண்டு விரலாவது இறங்கியிருக்கும். வருடக்கணக்கில் ஆளும் மூட்டையும் ஏறி ஏறி அமுக்கியிருக்குமே.

இவை இறங்கவே இல்லை.

மறுபடி அளந்தேன். மாற்றிப் போட்டவையோ என்று துடைத்துப் பார்த்தேன். கம்பெனியில் தீட்டிய மஞ்சள் கோடு அப்படியே இருந்தது.

ஓட்டுகிறவர் உட்காரும் பக்கத்து முன் ஸ்பிரிங் மட்டும் ஒரு விரல் குட்டை.

மீட்டர் பொய் சொல்லவில்லை. அண்ணனும்தான்.

புது ஸ்பிரிங்குகளை மாட்டி வண்டியை இறக்கியபோது பையன் திரும்பி வந்தான். குனிந்து பார்த்தான். விசிலடித்தான்.

"பழசைத் தூக்கிப் போட்டுருங்கண்ணே."

"வண்டி வித்தவர் நம்பர் இருக்கா தம்பி?"

போனை எடுத்துத் தேடினான். நான் அலமாரிக் கதவைத் திறந்து, பெட்ரோல் துணியால் தொகையை மட்டும் துடைத்தேன்.

அவன் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான். 'அண்ணன்' என்பதற்கு நேரே, ஈரம் காயும் முன்பே எழுத ஆரம்பித்தேன்.