சாட்சிக் கையெழுத்து

எதையாவது தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று குந்தவைக்குக் காலையிலிருந்தே பயம்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். மகளிர் குழுத் தலைவி என்று பெயர்தானே தவிர, கையெழுத்துக்கு மேல் நாலு வரி எழுதத் தயங்குவாள். அவளைப் போய்ச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள்.

“பார்த்து வார்த்தையை விடு” என்று கணவர் அமிர்தலிங்கம் சொல்லி அனுப்பியிருந்தார். “நம்ம பொண்ணு வானதி கல்யாணத்தை வெச்சுக்கிட்டு, கூத்தாடி விவகாரத்துல போய் மாட்டிக்காத. திருவையாத்துச் சம்பந்தி மூணு தலைமுறையை விசாரிக்கிறவரு.”

சமுதாயக்கூடத்தில் ஹஃப்ஸா லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். நாகப்பட்டினத்திலிருந்து வந்த பெண். நலிந்துபோன கிராமியக் கலைஞர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்கிற ஓர் அமைப்பில் வேலை.

எதிரே அம்சம், கழுத்தில் பட்டையோடு. கஜா புயலில் கோடியக்கரைப் பக்கம் வீட்டைப் பறிகொடுத்துவிட்டு இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவள். ஆறு வருஷமாகக் குந்தவை வீட்டு வயலில்தான் நடவும் களையெடுப்பும்.

“இருபது வருஷம் கரகம் ஆடினேன்னு சொல்றீங்க. திருவிழா நோட்டீஸ் ஏதாச்சும் இருக்கா?” என்றாள் ஹஃப்ஸா.

“அதுல எங்க நெசப் பேரைப் போட மாட்டாங்கம்மா. என்னைப் ‘புயல் ராணி’ன்னு போடுவாங்க.”

“அதான் புயல் வந்து வீட்டையே தூக்கிட்டுப் போயிடுச்சு!” என்றார் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் இளையபெருமாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஹஃப்ஸா சிரிக்கவில்லை. “ஒரு நிமிஷம் ஆடிக் காட்டுறீங்களா? வீடியோ எடுத்துக்கிறேன்.”

“தலையில எதையும் வைக்கக் கூடாதுன்னுட்டாரும்மா டாக்டரு. கழுத்து எலும்பு தேஞ்சு போச்சு. ஆபரேஷன் பண்ணலைன்னா படுத்த படுக்கைதானாம். இப்பவே நாத்துக்கட்டைத் தூக்க முடியல. கை மரத்துப் போகுது.”

“சரி, உங்ககூட ஜோடி ஆடினவங்க யாரு? அவங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

அம்சம் தரையைப் பார்த்தாள்.

“அவ செத்துப் போயிட்டாம்மா.”

“நோட்டீசும் இல்ல, ஆட்டமும் இல்ல, ஆளும் இல்ல” என்றார் இளையபெருமாள். “உதவின்னு ஒண்ணு வந்துட்டா ஊர்ல எல்லாரும் கலைஞர்தான்!”

ஹஃப்ஸா குந்தவை பக்கம் திரும்பினாள்.

“அக்கா, நீங்க இவங்க ஆடிப் பார்த்திருக்கீங்களா? பார்த்தேன்னு ஒரு கையெழுத்துப் போட்டாக்கூடப் போதும். எந்த ஊருத் திருவிழா, நீங்க அங்க எப்படிப் போனீங்க, அதை மட்டும் சொல்லணும்.”

குந்தவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

“நான்... பார்த்ததில்லீங்க. அம்சம் இந்த ஊருக்கு வந்தப்புறந்தான் எனக்குத் தெரியும்.”

அம்சத்தின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“அவங்க சொல்றது சரிதாம்மா. குடும்பத்துப் பொம்பளை. எங்க ஆட்டத்தை எல்லாம் அவங்க எங்க வந்து பார்த்திருக்கப் போறாங்க?”

“பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்” என்றார் இளையபெருமாள். ஒரு கிழவி, “த்தூ, இதுக்கு ஒரு பட்டையை வேற கட்டிக்கிட்டு” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஹஃப்ஸா மட்டும் மெதுவாகச் சொன்னாள்: “இன்னைக்குத்தான் கடைசி நாள். நாலு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். யாராச்சும் கிடைச்சாக் கூட்டிட்டு வாங்கம்மா.”

மூன்றரை மணிக்குக் குந்தவை வீட்டுக் கொல்லைக் கதவு தட்டப்பட்டது. அம்சம் நின்றிருந்தாள்.

“வீட்ல யாராச்சும் இருக்காங்களா?”

“இல்ல.”

அம்சம் மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினாள்.

“இந்தாடி.”

இந்த ஆறு வருஷத்தில் அவள் ‘டி’ போட்டது இதுதான் முதல் தடவை.

உள்ளே ஒரு போட்டோ. தலையில் கரகம் வைத்த இரண்டு பெண்கள், ஒருத்தி இடுப்பை ஒருத்தி வளைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஒருத்தி அம்சம். இன்னொருத்தி, பத்தொன்பது வயதுக் குந்தவை.

கட்டிக்கொண்டு வந்த இந்த வீட்டில், அந்த வயதைப் பற்றி அவள் யாரிடமும் வாயைத் திறந்ததில்லை.

“புயல்ல எல்லாம் போச்சு. இதை மட்டும் வயித்துல கட்டிக்கிட்டு ஓடினேன்” என்றாள் அம்சம். “உன்னைக் கிழிச்சுட்டு என் பாதியை மட்டும் அந்தப் பொண்ணுகிட்டக் குடுக்கலாம்னு பார்த்தேன். மனசு வரல. நாளைக்கு நான் படுத்துட்டா, இது யார் கையிலயாவது சிக்கும். நீயே வெச்சுக்க. வானதி கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்.”

“அம்சம்...”

“செத்துட்டான்னு சொன்னேன்னு மனசுல வெச்சுக்காதடி. வேற ஒண்ணும் தோணல.”

வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்தபடி வேலியோரமாக நடந்து போய்விட்டாள்.

மணி மூன்றே முக்கால். சமுதாயக்கூடம் கூப்பிடு தூரம்தான்.

குந்தவை கத்தரிக்கோலை எடுத்தாள். தன் பாதியை வெட்டிவிட்டு, மீதியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன?

இடுப்பை வளைத்திருக்கும் இந்தக் கை யாருடையது என்று கேட்பார்களே. இந்தப் படம் உன்னிடம் எப்படி வந்தது என்று கேட்பார்களே.

கத்தரிக்கோலைத் திரும்ப வைத்தாள். கொல்லைக் கதவைத் தாழிட்டாள்.

கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, படம் முழுவதையும் தீயில் காட்டினாள்.