ப்ரீத்தியின் மந்திரவாதி

"நெருப்பு மந்திரத்தைப் போடாதே ப்ரீத்தி! நெருப்பு பட்டா அந்தப் பூதம் ரெண்டு மடங்கா வளரும்!"

ஹரீஷ் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான்.

"பார்த்தியா கிரிஜா? மறுபடியும்!" என்று இஸ்மாயில் பகடையை மேஜையில் வீசினான்.

சனிக்கிழமைதோறும் புனேயின் பாணேர் பகுதியில், கிரிஜாவின் ஃபிளாட்டில்தான் இந்த விளையாட்டு. அவள் கதை சொல்வாள், பூதங்களை ஏவுவாள். மற்ற மூவரும் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். பூதங்களைப் பற்றிப் புத்தகத்தில் படித்தது ஆடுபவருக்குத் தெரிந்திருக்கலாம். அவருடைய பாத்திரத்துக்குத் தெரியக் கூடாது. செத்த பாத்திரம் திரும்பி வராது. இரண்டிலும் கிரிஜா கறார்.

"ஹரீஷ், உன் வீரன் இப்பதான் குகைக்குள்ள நுழையறான். அவனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான். ஸாரி."

"போன வாரமும் ஸாரிதான்," என்றான் இஸ்மாயில். "கேம்ப் ஏரியாவுல இருந்து டிராஃபிக்ல நொந்து வர்றேன். இவன் விடையைச் சொல்லிட்டே இருந்தா எதுக்கு ஆடணும்? அடுத்த வாரம் இவன் வந்தா நான் வரலை."

புதிதாகச் சேர்ந்த ப்ரீத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

புனேயில் தமிழில் ஆட நாலு பேர் சேர்ந்ததே பெரிய விஷயம். அதுவும் உடைந்துவிடுமோ?

"ஹரீஷ், கொஞ்சம் பால்கனிக்கு வா."

'இனிமேல் வராதே' என்று சொல்லத்தான் கூப்பிட்டாள். அவன் முந்திக்கொண்டான்.

"கிரிஜா, ப்ரீத்தியோட மந்திரவாதியை மட்டும் சாகடிச்சிடாதே."

"ஏன்?"

"அது அவ தம்பி விச்சு உருவாக்கினது. காலேஜ்ல என்கூடத்தான் ஆடுவான். போன வருஷம் பைக் ஆக்சிடென்ட்ல போயிட்டான். மந்திரவாதி பேரைக் கேட்டதுமே எனக்குப் புரிஞ்சிடுச்சு. அவளுக்கு என்னைத் தெரியாது."

"எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

"அவளே சொல்லலையே. தெரிஞ்சா எல்லாரும் பாவம் பார்ப்பாங்கன்னு நினைச்சிருப்பா. நான் கெட்ட பேர் வாங்கினா பரவாயில்ல."

இருவரும் உள்ளே வந்தார்கள்.

"இனிமே ஹரீஷ் வாயைத் திறக்க மாட்டான்," என்றாள் இஸ்மாயிலிடம். "ப்ரீத்தி, நீ ஆடு."

ப்ரீத்தி நிமிர்ந்தாள். "நெருப்பைப் பத்தி ஹரீஷ் சொன்னது எனக்குத் தெரியும். என் மந்திரவாதிக்குத் தெரியாதே. நெருப்புதான்."

ஹரீஷ் கண்களை மூடிக்கொண்டான்.

நெருப்பு பட்டது. பூதம் வளர்ந்தது. அது ஓங்கி அடிக்க வேண்டிய முறை. இருபது முகப் பகடையில் பதினைந்தைத் தாண்டினால் மந்திரவாதி செத்தான்.

மற்றவர்கள் கண்ணில் படாதபடி அட்டைத் தடுப்புக்குப் பின்னால் கிரிஜா பகடையை உருட்டினாள்.

"பட்டுடுச்சா?" என்று கேட்டாள் ப்ரீத்தி.

இருபது.

கிரிஜா பகடையை உள்ளங்கையால் மூடினாள்.

"இல்ல ப்ரீத்தி. மயிரிழையில தப்பிச்சிட்டான்."