கடல் சொன்னா சரி

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் தினமும் கடற்கரையில் நடந்துவிட்டு, புதுத் தத்துவத்தோடுதான் வீடு திரும்புவார். அதைக் கேட்டாக வேண்டியவள், வேலைக்குக் கிளம்பும் நர்ஸ் மனைவி.

“நேத்து இருந்த மணல்மேடு இன்னிக்கு இல்லை. கடல் அலட்டிக்கவே இல்லை. மாற்றம் வந்தா சிரிச்சுக்கிட்டே ஏத்துக்கணும்!”

“நிஜமாத்தான் சொல்றீங்களா?”

“பின்னே? முரண்டு பிடிக்கிறவன் முட்டாள்.”

அவள் கண் கலங்கியது. தன் பேச்சுக்கு இவ்வளவு சக்தியா என்று அவருக்கே புல்லரித்தது.

“எப்படிச் சொல்றதுன்னு பத்து நாளா தவிச்சேங்க. நீங்களே வழி விட்டுட்டீங்க.” கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். “எனக்கு மலைமேல இருக்கிற ஆஸ்பத்திரிக்கு மாற்றல். அடுத்த வாரம் கிளம்பணும்.”

“மலையா? அங்கே கடல்?”

“எப்படிங்க இருக்கும்?”

வாத்தியார் தொப்பென்று நாற்காலியில் விழுந்தார்.

“இதை ரத்து பண்ண யாரைப் போய்ப் பார்க்கணும்?”