மெம்பர் நாற்காலி

மைசூரை ஒட்டிய பஞ்சாயத்து ஆபீசுக்கு ஃபெல்லோஷிப்பில் பயிற்சிக்கு வந்திருந்த ஈவ்லினுக்கு முதல் நாளே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வந்த பெண்ணை, மெம்பர் நாற்காலியில் இருந்தவர் நிற்கவைத்தே விரட்டினார். “ஆய்த்து, ஆய்த்து. சரிம்மா, நான் பாத்துக்கறேன். நீ வீட்டுக்குப் போ.”

“தெருவே தண்ணியில்லாம தவிக்குது. கேக்க வந்தவங்கள உக்காரக்கூட சொல்ல மாட்டீங்களா சார்?” என்றாள் ஈவ்லின்.

“டிரெயினிங்குக்கு வந்தா அந்த வேலைய மட்டும் பாரும்மா.”

“ஓட்டுப் போட்டு உங்கள ஜெயிக்க வெச்சதே இவங்கதானே சார்?”

அந்தப் பெண் ஈவ்லின் பக்கம் திரும்பினாள்.

“இவருக்கு யாரும்மா ஓட்டுப் போட்டாங்க? இவரு என் வீட்டுக்காரரு. லேடீஸ் சீட்டுல நின்னு ஜெயிச்சது நான்.”