சூரியகாந்திக்குள் ஒளிந்து கற்ற வித்தை

சூரியகாந்திச் செடிகளுக்கு நடுவே குப்புறப் படுத்திருந்த பிளாமெனின் காதுக்குள் எறும்பு புகுந்தது. அவன் அசையவில்லை. எதிரே மண்மேட்டிலிருந்து ஸ்தொயனின் பைக் எகிறியது.

அந்தரத்தில் பின்சக்கரம் பக்கவாட்டில் விலகி, வண்டியே ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. தரையைத் தொடுவதற்குள் எப்படியோ நிமிர்ந்து, புழுதி பறக்க இறங்கியது.

"அடப்பாவி, மீனு மாதிரில்ல துள்ளுறான்" என்று முணுமுணுத்தான் பிளாமென்.

இறங்கிய ஸ்தொயன் ஹெல்மெட்டைக் கழற்றி வீசினான். வண்டியை வாயில் வந்தபடி திட்டினான். இவ்வளவு அழகாகப் பாய்ந்தும் திருப்தி இல்லையென்றால் இவன் இன்னும் எதற்குக் குறி வைத்திருக்கிறான் என்று பிளாமெனுக்குக் கவலை வந்தது.

மூன்று வருடமாக அந்த வட்டாரத்தின் பைக் பந்தயக் கோப்பை பிளாமெனிடம்தான் வந்துகொண்டிருந்தது. அவன் மனைவி நெவேனா மூன்றிலும் பூண்டு போட்டு வைத்திருந்தாள். நான்காவதை ஸ்தொயனுக்கு விட்டுக்கொடுக்க அவனுக்கு மனமில்லை.

இரண்டு வாரம் ஒளிந்திருந்து பார்த்தான். பிறகு சூரியகாந்தியை அறுத்துவிட்டார்கள், ஒளிய இடமில்லை. பரவாயில்லை, பார்க்க வேண்டியதைப் பார்த்தாகிவிட்டது.

வீட்டுக்குப் பின்னால் மேடு கட்டிப் பழக ஆரம்பித்தான். உச்சியைத் தாண்டும்போதே ஹேண்டிலை ஒடிக்க வேண்டும், இடுப்பை ஒரு பக்கம் தள்ள வேண்டும், வண்டியைக் காலால் நெம்பிப் படுக்க வைக்க வேண்டும். முதல் நாள் வண்டி ஒரு பக்கமும் அவன் மறுபக்கமும் இறங்கினார்கள். இரண்டாம் நாள் இருவரும் சேர்ந்தே பிளம் மரத்தில் இறங்கினார்கள்.

நெவேனா அவன் சட்டையை உதறினாள். "ரெண்டு வாரமா சட்டை முழுக்கக் காய்ஞ்ச பூவிதழ். இப்ப உடம்பு முழுக்கக் காயம். யாரு அவ?"

"அவளும் இல்ல, இவளும் இல்ல. ஸ்தொயனைப் பார்க்கத்தான் போனேன்."

நெவேனா கொஞ்சம் யோசித்தாள். "அந்த மூஞ்சியப் பார்க்கவா? அதுக்கு அவளே பரவாயில்ல."

ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் முன்சக்கரம் குத்தியது. விடாவிட்டால் வண்டி திரும்ப மறுத்தது. விலா எலும்பில் கட்டுப் போட்டுக்கொண்டும் விடாமல் பாய்ந்தான்.

ஐந்தாவது வாரம் ஒருநாள், வண்டி அந்தரத்தில் சொன்னபடி படுத்தது. உடம்பு தானாகவே அதை இழுத்து நிமிர்த்தியது. தரையில் இறங்கியதே தெரியவில்லை. பிளாமென் எஞ்சினை அணைத்துவிட்டு, மேட்டின் மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதான்.

பந்தய நாளில் முதல் மேட்டிலேயே அதைக் காட்டினான். பார்க்க வந்தவர்கள் சூரியகாந்தி விதை கொறிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். நெவேனாகூட கைதட்டினாள்.

ஒவ்வொரு மேட்டிலும் படுத்துப் பறந்தான். ஒவ்வொரு முறையும் இறங்கி, சமாளித்து, வேகம் பிடிப்பதற்குள் எவனாவது ஒருவன் அவனை முந்திக்கொண்டு போனான். ஸ்தொயனோ நூல் பிடித்தாற்போல நேராகப் பாய்ந்து முன்னால் போய்க்கொண்டிருந்தான். வித்தையைக் கடைசிச் சுற்றுக்கு வைத்திருக்கிறான் என்று பிளாமென் நினைத்துக்கொண்டான்.

கடைசிச் சுற்றிலும் ஸ்தொயன் நேராகத்தான் பாய்ந்தான். கோப்பை அவனுக்குப் போயிற்று. பிளாமென் ஏழாவது.

மனசாட்சி உறுத்த, பிளாமென் அவனிடம் போய் நின்றான். "மன்னிச்சிடு. ரெண்டு வாரம் ஒளிஞ்சிருந்து உன்னைப் பார்த்தேன். உன் வித்தையைத் திருடிட்டேன்."

மோர் குடித்துக்கொண்டிருந்த ஸ்தொயன் விழித்தான். "எந்த வித்தை?"

"அதான், வண்டியப் படுக்க வச்சுப் பறக்கிறது. இன்னிக்கு நீ ஏன் ஒரு தடவைகூட அதைச் செய்யல?"

ஸ்தொயன் அவனை மேலும் கீழும் பார்த்தான். விலாக் கட்டைப் பார்த்தான். பிறகு மோர்ப் பாட்டிலை அவன் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்:

"அந்தக் கோளாறு போகணும்னுதான்டா அத்தனை நாளும் பழகினேன்."